வீட்டு வளவில் செயற்கைப் புல் மைதானம்: திருகோணமலைக்காரருக்கு ஒரு வழிகாட்டி

வீட்டோடு ஒரு சின்ன மைதானம் போடலாம் என்று இணையத்தில் தேடினால், வரும் வீடியோக்களில் பெரும்பாலானவை குளிர்நாட்டுத் தோட்டங்களில் எடுத்தவை. கடல் மணல், உப்புக் காற்று, கச்சான் என்னும் தென்மேல் காற்று, மார்கழி மழை எதுவும் அவற்றில் இல்லை. கொழும்பில் விற்பவர்களோ கம்பளத்தின் நிறத்தையும் மென்மையையும் காட்டுவார்கள். கீழே என்ன போடுவது என்று கேட்டால், "மட்டமாக இருந்தால் போதும்" என்று முடித்துவிடுவார்கள். நான் அலைந்து கேட்டும், செய்தும் தெரிந்துகொண்டவற்றை வரிசைப்படி எழுதியிருக்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: இந்த வேலையில் பச்சைக் கம்பளம் கடைசிப் படி. மைதானம் நிலைப்பதும் கெடுவதும் அதற்குக் கீழே இருக்கும் கல்லிலும் தண்ணீர் போகும் வழியிலும்தான்.

விலைகளை ரூபாயில் எழுதவில்லை. இன்று எழுதினால் அடுத்த காலாண்டில் பழசாகிவிடும். எவ்வளவு பொருள் தேவை என்ற அளவுகளைத் தருகிறேன். அன்றைய விலையால் நீங்களே பெருக்கிக்கொள்ளலாம்.

1. காணியை அளவெடுங்கள்

நாம் காணியைப் பேர்ச்சில் பேசுகிறோம், புல் சதுர மீற்றரில் விற்கிறது. ஒரு பேர்ச் ஏறக்குறைய 25.3 சதுர மீற்றர். 20 மீற்றர் நீளம், 10 மீற்றர் அகலம் என்றால் 200 சதுர மீற்றர், அதாவது எட்டுப் பேர்ச்சுக்குச் சற்றுக் குறைவு. நாலு பேர், ஐந்து பேர் பந்து விளையாட இது தாராளம். கட்டுரை முழுவதும் இந்த அளவையே உதாரணமாக வைக்கிறேன்.

கிரிக்கெட் பயிற்சிக்கு மட்டும் என்றால் இவ்வளவு அகலம் வேண்டாம். ஆடுகளம் 22 யார், அதாவது 20.12 மீற்றர். அகலம் 12 அடி இருந்தால் வலை கட்டலாம். ஆனால் பந்து வீசுபவர் ஓடிவரவும் இடம் வேண்டும். வொலிபோல் களம் 18க்கு 9 மீற்றர். நம் உதாரணத்துக்குள் கோடு போடலாம், ஆனால் சுற்றிவர ஓட இடம் மிஞ்சாது. டென்னிஸ் களம் 23.77க்கு 10.97 மீற்றர் என்பதால் இதற்குள் அடங்காது. பட்மின்டனை விட்டுவிடுங்கள். கச்சான் காலத்தில் வெளியில் இறகுப்பந்து ஆடியவருக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

நீளப் பக்கம் வடக்குத் தெற்காக இருக்கட்டும். விளையாட்டு பெரும்பாலும் மாலையில்தான் நடக்கும். மேற்கைப் பார்த்த கோலில் நிற்கும் பிள்ளைக்கு ஐந்து மணிச் சூரியன் நேரே கண்ணில் அடிக்கும்.

அளக்கும்போதே இவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்: மலசலகூடக் குழி எங்கே, அதன் மூடி எங்கே, தண்ணீர்க் குழாய் எந்த வழியாக வருகிறது, மின்கம்பத்திலிருந்து வரும் வயர் எதற்கு மேலாகப் போகிறது. குழி மூடிக்கு மேல் புல்லை ஒட்டிவிட்டால் அடுத்த முறை குழி இறைக்கக் கத்தியால் வெட்ட வேண்டிவரும். வேம்பும் மாவும் பக்கத்தில் நின்றால் நிழல் கிடைக்கும், ஆனால் சருகும் பிசினும் சேர்ந்தே வரும். ஓரத்தில் நிற்கும் மரத்தை வெட்டாமல் களத்தை ஒன்றரை மீற்றர் தள்ளி வைப்பது நல்லது. உள்ளே பழைய தென்னை, பனை அடிக்கட்டைகள் இருந்தால் வேரோடு கிளப்பிவிடுங்கள். அவை உக்கும்போது அந்த இடம் பள்ளமாக இறங்கும்.

2. என்ன விளையாட்டு என்று முடிவு செய்யுங்கள்

கடையில் "ஸ்போர்ட்ஸ் புல்" என்று ஒரே பெயரில் பலவற்றைக் காட்டுவார்கள். இழையின் உயரத்தைக் கேளுங்கள். உதைபந்துக்கென்றே செய்தவை 40 முதல் 60 மில்லிமீற்றர் வரை இருக்கும். அவற்றுக்கு மணலும் றப்பர் துகளும் நிரப்ப வேண்டும். டென்னிஸுக்கும் பல விளையாட்டுக்குமானவை 15 முதல் 25 மில்லிமீற்றர், நிரப்ப மணல் மட்டும் போதும். கிரிக்கெட் ஆடுகளத்துக்கு 9 முதல் 12 மில்லிமீற்றர். அதைவிட உயரமானால் பந்து எழும்பாது.

வீட்டுக்கு என் தேர்வு 20 முதல் 25 மில்லிமீற்றர், மணல் மட்டும் நிரப்புவது. காரணம் வெயில். நம் ஊரில் நிழலில் 35 பாகை காயும் மதியத்தில் செயற்கைப் புல்லின் மேற்பரப்பு 60 பாகையைத் தாண்டும். கறுப்பு றப்பர் துகள் போட்டால் இன்னும் கூடும். நம் பிள்ளைகள் செருப்பில்லாமல் ஓடுகிறவர்கள். அதோடு மழையில் றப்பர் துகள் மிதந்து வாய்க்கால் வழியே கடலுக்குப் போகும். ஐரோப்பிய ஒன்றியம் இந்தத் துகள் விற்பனையை 2031 ஒக்டோபரிலிருந்து தடை செய்கிறது. வீட்டு வளவுக்குள் அதைக் கொண்டுவர எனக்கு மனமில்லை.

அலங்காரத் தோட்டப் புல்லைத் தவிருங்கள். பார்க்க அழகு, தொட மென்மை, விலையும் குறைவு. ஆனால் ஓடித் திரும்பும் காலுக்கு அது செய்யப்படவில்லை. கோல் வாய்க்கு முன்னால்தான் முதலில் படுத்து மொட்டையாகும்.

3. கடதாசி வேலை

தரையில் புல் விரிப்பது மட்டும் வேலையாக இருந்தால் பெரிய அனுமதிச் சிக்கல் வராது. மதில் உயர்த்துவது, கூரை போடுவது, உயரமான தூண் நடுவது, பணத்துக்கு வாடகைக்கு விடுவது என்று வரும்போது உள்ளூராட்சி மன்றத்தில் கேட்டே தொடங்குங்கள். நகரத்துக்குள் என்றால் மாநகர சபை. உப்புவெளி, சாம்பல்தீவுப் பக்கம் பட்டணமும் சூழலும் பிரதேச சபை. நிலாவெளி என்றால் குச்சவெளிப் பிரதேச சபை. தொழில்நுட்ப உத்தியோகத்தரைச் சந்தித்து, கையால் வரைந்த படமொன்றைக் காட்டிக் கேட்டால் எது அனுமதிக்குள் வரும், எது வராது என்று சொல்வார். கட்டாயம் வேண்டியவை: காணி உறுதியின் பிரதி, நில அளவை வரைபடம், அந்த ஆண்டின் சோலைவரிப் பற்றுச்சீட்டு, அடையாள அட்டைப் பிரதி. சோலைவரி நிலுவை இருந்தால் முதலில் அதைக் கட்டிவிட்டுப் போங்கள். இல்லாவிட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

மூன்று இடங்களில் கவனம் வேண்டும்.

கடற்கரைக்குப் பக்கத்தில் வீடு உள்ளவர்கள்: உயர்நீர் மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் எந்த அபிவிருத்தி வேலைக்கும் கரையோரம் பேணல் மற்றும் கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களத்தின் அனுமதி பற்றிக் கேட்க வேண்டும். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் பல வளவுகள் இதற்குள்தான் இருக்கின்றன. வாயால் "பரவாயில்லை" என்று சொன்னால் போதாது, எழுத்தில் வாங்குங்கள்.

அரச அனுமதிப்பத்திரக் காணியில் இருப்பவர்கள்: பத்திரத்தில் காணியை எதற்குப் பயன்படுத்தலாம் என்று நிபந்தனை இருக்கும். பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் அதை வாசித்துக் காட்டிக் கேளுங்கள்.

தம்பலகாமம், கிண்ணியாப் பக்கம் வயலை நிரப்பிப் போடலாம் என்று நினைப்பவர்கள்: 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி எழுத்துமூல அனுமதி இல்லாமல் நெற்காணியை நிரப்புவது குற்றம். நிரப்பிய பிறகு கேட்டால் நிரப்பிய மண்ணை அள்ளச் சொல்வார்கள்.

இன்னுமொன்று, இது அலுவலகக் கடதாசி அல்ல. பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை. பந்து விழும், சத்தம் வரும், இரவில் லைட் எரியும். வேலை தொடங்குமுன் போய்ச் சொன்னால் பெரும்பாலானோர் தலையாட்டுவார்கள். லைட் எரிந்த பிறகு போனால் கதை வேறு.

4. மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

நமக்கு மழை வடகீழ்ப் பருவத்தில்தான். ஐப்பசியில் தொடங்கி மார்கழி தாண்டி, சில வருடம் தை முடியும்வரை இழுக்கும். அந்த மாதங்களில் மண் வேலையும் ஓடாது, பசையும் ஒட்டாது.

நான் சொல்லும் ஒழுங்கு இது. மழைக்காலத்தைக் கடதாசிக்கும் விலை கேட்பதற்கும் வைத்துக்கொள்ளுங்கள். மாசி, பங்குனியில் மண் வேலை. சித்திரைப் புத்தாண்டுக்கு முன்னும் பின்னும் மேசன்மார், லொறிக்காரர் எவரையும் பிடிக்க முடியாது, அந்த இரண்டு வாரத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். கல் இறுகிய பிறகு, சித்திரைக் கடைசியிலோ வைகாசியிலோ புல் விரிக்கலாம். ஆனி, ஆடியில் கச்சான் பலமாக அடிக்கும். விரித்த புல்லைத் தூக்கும், ஒட்டுப் பசையில் தூசியை அள்ளிப் போடும். அந்த மாதங்களில் செய்தே ஆகவேண்டும் என்றால் விடியற்காலை வேலைதான். எப்படியும் புரட்டாதிக்குள் எல்லாம் முடிந்திருக்க வேண்டும்.

கொழும்பில் கைவசம் இருக்கும் புல்லை வாங்கினால் லொறிக்குத்தான் காத்திருப்பீர்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதென்றால் குறைந்தது இரண்டு மாதம் ஒதுக்குங்கள். நம்மிடம் பெரிய துறைமுகம் இருந்தும் கொள்கலன் கொழும்பில்தான் இறங்கும். அங்கிருந்து குருநாகல், ஹபரண வழியே லொறியில் வரவேண்டும். அந்தக் கூலியை விலை கேட்கும்போதே சேர்த்துக் கேளுங்கள்.

5. புல்லை வாங்குதல்

பிரசுரத்தைப் பார்த்து வாங்காதீர்கள், மாதிரித் துண்டு கேளுங்கள். கையில் கிடைத்ததும் 10 சென்ரிமீற்றருக்கு 10 சென்ரிமீற்றர் சதுரமாக நேராக வெட்டி, நகைக்கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். எத்தனை கிராம் வருகிறதோ அதை நூறால் பெருக்கினால் ஒரு சதுர மீற்றரின் எடை. 25 கிராம் என்றால் இரண்டரைக் கிலோ. விற்பனையாளர் தரும் விபரத் தாளில் மொத்த எடை இருக்கும், இரண்டும் நெருங்கி வரவேண்டும். தாளில் ஒன்றும் தராசில் ஒன்றுமாக இருந்தால் அந்த இடத்தை விட்டு நகருங்கள். லொறியில் வந்த பிறகும் ஒரு ரோலின் ஓரத்தில் இதையே செய்து பாருங்கள். மாதிரி ஒரு தரமும் வந்து இறங்கியது வேறு தரமுமாக இருக்கும் சங்கதி எனக்குத் தெரிந்தவர்களுக்கே நடந்திருக்கிறது.

பிறகு துண்டைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். வரிசையாகத் துளை இருக்கவேண்டும். தண்ணீரை ஊற்றிப் பாருங்கள், தேங்காமல் இறங்கவேண்டும். அடிப்பூச்சு லேடெக்ஸா, பொலியூரித்தேனா என்று கேளுங்கள். லேடெக்ஸ் மலிவு. மாதக்கணக்கில் ஈரம் நிற்கும் இடத்துக்குப் பொலியூரித்தேன் தாங்கும். காசு இருந்தால் கூடுதலாகச் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். இழை பொலிஎதிலீன் என்றால் தோலுக்கு மென்மை, விழுந்தால் சிராய்ப்புக் குறைவு.

அளவுக் கணக்கில்தான் பணம் வீணாகும். ரோல்கள் பெரும்பாலும் 4 மீற்றர் அகலம், 25 மீற்றர் நீளம். நம் 20க்கு 10 களத்தில் நீளவாக்கில் விரித்தால் மூன்று பட்டை தேவை, அகலம் 12 மீற்றர் ஆகிவிடும். 40 சதுர மீற்றர் வெட்டிக் கழிக்க வேண்டும். குறுக்கே விரித்தால் 10 மீற்றர் நீளமான ஐந்து பட்டை, கழிவே இல்லை. ஆனால் 25 மீற்றர் ரோல் ஒன்றில் 10 மீற்றர்ப் பட்டை இரண்டுதான் வரும், 5 மீற்றர் மிஞ்சும். இரண்டு மிச்சத்தையும் சேர்த்து ஐந்தாவது பட்டை ஆக்கலாம் என்று விற்பவர் சொல்வார். அப்படிச் செய்தால் களத்தின் நடுவே ஒரு குறுக்கு ஒட்டு வரும். 30 மீற்றரில் ஒன்று, 20 மீற்றரில் ஒன்று என்று வெட்டித் தரக் கேளுங்கள். அத்தோடு ஒவ்வொரு ரோலின் இரு ஓரத்திலும் இழையில்லாத விளிம்பை வெட்ட வேண்டிவரும். பட்டைகளின் முனையையும் விளிம்போடு சீவ வேண்டும். ஆகவே களத்தின் உள் அளவை 19.7க்கு 9.9 மீற்றர் என்று வைத்தால் புல் தட்டாது.

எல்லா ரோலும் ஒரே தயாரிப்புத் தொகுதியில் வந்தவையா என்று இலக்கத்தைப் பாருங்கள். வேறு தொகுதி என்றால் பச்சையில் சிறு வித்தியாசம் இருக்கும். கடையில் தெரியாது, முற்றத்தில் தெரியும்.

வரியைக் கவனியுங்கள். "விலை" என்று சொன்னது பெறுமதி சேர் வரி சேர்த்ததா, சேர்க்காததா? அது 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீதம். நேரடியாக இறக்குமதி செய்பவர் சுங்கத் தீர்வையோடு 2.5 சதவீதச் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரியையும் எண்ணவேண்டும். சுங்கக் குறியீட்டில் செயற்கைப் புல் 5703 என்ற தலைப்பின் கீழ் வரும். நைலோன் என்றால் 5703.21, வேறு செயற்கை இழை என்றால் 5703.31. சுங்க முகவரிடம் இந்த இலக்கத்தைச் சொல்லித் தீர்வையைக் கணக்குப் போடச் சொல்லுங்கள். ஒரு வீட்டுக்கு 200 சதுர மீற்றர் மட்டும் வேண்டுமென்றால் தனியாக இறக்குமதி செய்வது பெரும்பாலும் கட்டுப்படியாகாது. துறைமுகச் செலவும் முகவர் கூலியும் மிச்சம் பிடித்ததைத் தின்றுவிடும்.

கையில் இருக்கவேண்டியவை: இழை உயரமும் மொத்த எடையும் எழுதிய விலைப்பட்டியல், முற்பணப் பற்றுச்சீட்டு, உத்தரவாதக் கடிதம், இரு தரப்பும் கையெழுத்திட்ட மாதிரித் துண்டு. உத்தரவாதத்தை வாசியுங்கள். எட்டு வருடம் என்று பெரிதாகப் போட்டிருப்பது பெரும்பாலும் வெயிலில் இழை மங்குவதற்கு மட்டும்தான். ஒட்டு விட்டுப்போவதும் தரை இறங்குவதும் அதில் இராது. அவற்றுக்கு வேலை செய்தவரிடம் தனியாக எழுதி வாங்கவேண்டும்.

ரோல் வருகிற நாளில் ஆள் வைத்திருங்கள். 4க்கு 25 மீற்றர் ரோல் 200 கிலோவைத் தாண்டும். நடுக்குழாய்க்குள் இரும்புக் குழாயை விட்டு ஆறு பேர் தூக்கினால்தான் வளையாமல் இறங்கும். மடித்துப் போட்டால் மடிப்பு போகவே போகாது.

6. அடித்தளம்

கடற்கரைப் பக்கத்து மேசன் ஒருவர், "மணல்தானே அண்ணை, தண்ணி தானா இறங்கும், அப்பிடியே விரிப்பம்" என்பார். தண்ணீர் இறங்கும், உண்மை. மணலும் சேர்ந்து இறங்கும். உருண்டையான கடல் மணல் கால் மிதியில் நகர்ந்துகொண்டே இருக்கும். ஆறு மாதத்தில் களம் மேடும் பள்ளமுமாகிவிடும். பாலையூற்று, கன்னியாப் பக்கத்துச் செம்மண் வேறு வகை. காய்ந்தால் கல், நனைந்தால் சேறு. இரண்டுக்கும் மருந்து ஒன்றே: வெட்டி எடுத்து, துணி விரித்து, கல் போட்டு இறுக்குவது.

முதலில் 15 முதல் 20 சென்ரிமீற்றர் வெட்டி எடுங்கள். கோரை இருந்தால் கிழங்கைப் பொறுக்கி எடுக்காமல் மேலே போகாதீர்கள். கோரை முளை ஊசிபோல வந்து துணியையும் துளைக்கும், புல்லையும் துளைக்கும். ஜே.சி.பி. வெட்டிப் போகும் வேகத்தில் கிழங்கெல்லாம் துண்டாகி மண்ணோடு கலந்துவிடும் என்பதால், கோரை அடர்ந்த மூலையை மண்வெட்டியால் வெட்டுவித்துச் சலிக்கச் சொல்லுங்கள். கூலி கூடும். பிறகு படும் பாட்டோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை.

அடுத்தது ஓரக் கட்டு. சுற்றளவு 60 மீற்றர். 16 அங்குலக் கல் ஒரு வரிசைக்கு ஏறக்குறைய 150 வேண்டும். இதைக் கல் கொட்டுமுன் கட்டவேண்டும். மணல் நிலத்தில் ஓரம் இல்லாவிட்டால் அமுக்கும்போது கல் பக்கவாட்டில் ஓடும்.

வெட்டிய தரையின் மேல் ஜியோ டெக்ஸ்டைல் துணி. 30 சென்ரிமீற்றர் ஒன்றன் மேல் ஒன்று வரும்படி விரித்தால் 230 சதுர மீற்றர் வரை செல்லும். மணலையும் கல்லையும் பிரித்து வைப்பது இதுதான், விட்டுவிடாதீர்கள். பொலித்தீன் விரித்தால் தண்ணீர் நின்றுவிடும்.

பிறகு வீதி வேலைக்குப் போடும் ஏ.பி.சி. கல், அதாவது சல்லியும் தூளும் கலந்த உடைகல். இறுகிய பின் 15 சென்ரிமீற்றர் வேண்டுமென்றால் தளர்வாக 14 கியூப் (ஒரு கியூப் நூறு கன அடி) அளவில் கொட்டவேண்டும். இறுகிய மண்ணுள்ள வளவில் 10 சென்ரிமீற்றர் போதும், அதற்கு 9 கியூப் வரை. ஒரே தடவையில் கொட்டி அமுக்காதீர்கள். பாதி கொட்டி, தண்ணீர் தெளித்து, அமுக்கும் இயந்திரமான கொம்பெக்டரை நாலைந்து தடவை ஓட்டிவிட்டு மறுபாதி. அதன் மேல் இரண்டரைச் சென்ரிமீற்றர் குவாரித் தூள், இரண்டேகால் கியூப் போதும். சாரதியிடம் கல்லுக்கும் மணலுக்குமான கொண்டுசெல்லும் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று முதலே கேளுங்கள். இல்லாத டிப்பர் வழியில் மறிபட்டால் உங்கள் வேலை நின்றுபோகும்.

சாய்வு நூற்றுக்கு ஒன்று. 10 மீற்றர் அகலத்துக்கு 10 சென்ரிமீற்றர் இறக்கம். விளையாடும்போது தெரியாது, மழையில் தெரியும். தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் குழாயால் மட்டம் பிடித்து, மரத்தடியால் இழுத்துச் சமன் செய்யலாம். 3 மீற்றர் நேர்த்தடியை எங்கே வைத்தாலும் அடியில் 10 மில்லிமீற்றருக்கு மேல் இடைவெளி தெரியக்கூடாது.

ஒரு நாளில் 100 மில்லிமீற்றர் மழை நமக்குப் புதிதல்ல. அப்படிப் பெய்தால் இந்த 200 சதுர மீற்றரில் விழும் தண்ணீர் 20,000 லீற்றர், அதாவது வீட்டுக் கூரையில் வைக்கும் ஆயிரம் லீற்றர்த் தாங்கி இருபது. அது எங்கே போகும்? பக்கத்து வளவுக்குள் விட்டால் சண்டை, வீதியில் விட்டால் முறைப்பாடு. தாழ்ந்த பக்கத்தில் ஓட்டைக் குழாயைச் சல்லிக்குள் புதைத்து, ஊறு குழி ஒன்றுக்கோ இருக்கும் வடிகாலுக்கோ கொண்டுபோங்கள். மூடியில்லாத வாய்க்காலில் தண்ணீர் தேங்கினால் நுளம்புக் குடம்பிக்காகப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வருவார். நம் மாவட்டத்தில் டெங்கு விளையாட்டில்லை.

புல்லை விரிக்குமுன் கட்டாயம் செய்யவேண்டிய சோதனை இது. பவுசர் தண்ணீரையோ கிணற்று மோட்டரையோ விட்டுக் களத்தை நன்றாக நனையுங்கள். அரை மணி கழித்துப் போய்ப் பாருங்கள். எங்கே பளபளவென்று தண்ணீர் நிற்கிறதோ அதைச் சுற்றிச் சுண்ணாம்பால் வட்டம் போட்டு, அன்றே தூள் போட்டு நிரப்பி அமுக்கச் சொல்லுங்கள். கொந்தராத்துக்காரருக்குக் கடைசிப் பணத்தை இந்தச் சோதனைக்குப் பிறகு கொடுங்கள்.

7. விரித்து ஒட்டுதல்

ரோலை விரித்து ஓர் இரவு அப்படியே விடுங்கள். சுருள் தளர்ந்து படியட்டும். எல்லாப் பட்டையிலும் இழை ஒரே பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். ஒரு பட்டை மாறி விழுந்தாலும் களம் இரண்டு நிறமாகத் தெரியும்.

ஒட்டுவது விடியலில். வெயில் ஏறினால் புல் விரியும், விரிந்த நிலையில் ஒட்டினால் இரவில் சுருங்கி ஒட்டை இழுக்கும். இரண்டு பாகம் கலக்கும் பசை வெயிலில் வேகமாக இறுகும் என்பதால் சிறிது சிறிதாகக் கலக்கவேண்டும். நாலு ஒட்டு, ஒவ்வொன்றும் 10 மீற்றர், ஆக 40 மீற்றர் ஒட்டு நாடா. மீற்றருக்கு அரைக் கிலோ என்று 20 கிலோ பசை வைத்துக்கொண்டால் தட்டாது.

ஓரங்களைச் சேர்க்கும்போது குந்தியிருந்து பாருங்கள். இரண்டு பட்டைக்கும் இடையே உள்ள இடைவெளி, பட்டைக்குள் தையல் வரிசைகளுக்கு இடையே உள்ள இடைவெளியைப் போலவே இருக்கவேண்டும். கூடினால் கறுப்புக் கோடு தெரியும், குறைந்தால் முகடாக எழும்பும். பசையில் இழை மாட்டாமல் விரலால் ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போகவேண்டும். இங்கே பொறுமையில்லாத ஆளை வைக்காதீர்கள். ஒட்டிய பின் மணல் மூட்டைகளை வரிசையாக ஏற்றி அடுத்த நாள் வரை விடுங்கள். ஆணி அடித்து நிறுத்துவது தோட்டத்துக்குச் சரி. பிள்ளைகள் விழும் களத்தில் இரும்பு ஆணி வேண்டாம், உப்புக் காற்றில் அதன் தலை துருப்பிடித்து மேலே வரும்.

8. மணல் நிரப்புதல்

சதுர மீற்றருக்கு 20 கிலோ என்றால் 4 தொன், ஒரு கியூபுக்குச் சற்றுக் குறைவு. கடல் மணல் கூடவே கூடாது. அள்ளுவது சட்டப்படி பிழை என்பது ஒரு பக்கம். சிப்பித் துண்டு இழையை அராவும், உப்பு ஈரத்தை இழுத்துப் பிடிக்கும். வட்டமான, கழுவி உலர்த்திய, 0.4 முதல் 0.8 மில்லிமீற்றர் வரையான சிலிக்கா மணல் சிறந்தது. நாத்தாண்டியாப் பக்கம் எடுக்கப்படுவது அந்த வகை. புல் வரும் லொறியிலேயே மூட்டையாக ஏற்றிவிட்டால் தனிக் கூலி மிச்சம். கிடைக்காவிட்டால் ஆற்று மணலைக் கழுவி, நுண்ணரியால் சலித்து, வெயிலில் நன்றாகக் காயவைத்துப் பயன்படுத்தலாம்.

மணலும் புல்லும் காய்ந்திருந்தால்தான் மணல் அடிக்கு இறங்கும். ஒரு பிடி அள்ளி இறுக்கித் திறந்து பாருங்கள், உருண்டையாக நின்றால் இன்னும் ஒரு நாள் காயவேண்டும். நாலைந்து தடவையாகத் தூவி, ஒவ்வொரு தடவையும் இழை சாய்ந்த திசைக்கு எதிராகத் தும்புத்தடியால் உரமாகத் தள்ளுங்கள். ஈர்க்குமாறு வேண்டாம், ஈர்க்கு முறிந்து உள்ளே மாட்டிக்கொள்ளும். முடியும்போது இழையின் நுனி 7, 8 மில்லிமீற்றர் வெளியே தெரியவேண்டும்.

9. வலையும் வெளிச்சமும்

வலைக்குக் கொழும்புக் கடைக்குப் போகாதீர்கள். நாம் மீன்பிடி ஊரில் இருக்கிறோம். கரைவலைக்குப் பயன்படும் தடித்த நூல் வலையை மீன்பிடிப் பொருள் கடையில் நிறுவையாக வாங்கலாம், சுற்றிவரக் கயிறு கோத்துத் தரவும் கரையில் ஆள் உண்டு. கிரிக்கெட் பந்துக்கு கண் 45, 50 மில்லிமீற்றருக்குள், உதைபந்துக்கு 100 வரை போகலாம். பழைய வலை இனாமாகக் கிடைத்தாலும் இழுத்துப் பாருங்கள். வெயில் தின்ற நூல் விரலிலேயே அறும்.

தூண் இரும்பென்றால் உருக்கிய துத்தநாகத்தில் தோய்த்துப் பூசிய குழாய். பெயின்ட் மட்டும் அடித்த குழாய் கடற்கரையோரம் அடியிலிருந்து அரித்துவிடும். நகரத்துக்குள் உள்ளவர்கள் வலையைத் தரைவரை இறக்கிக் கட்டவேண்டாம். இரவில் மான் வந்து கொம்பு மாட்டிக்கொண்டால் அதற்கும் ஆபத்து, வலைக்கும் ஆபத்து. அடியில் அரை மீற்றர் தகரமோ பலகையோ அடித்து அதற்கு மேல் வலை கட்டுங்கள், மாடும் நாயும் கூட உள்ளே வராது.

வெளிச்சத்துக்கு நாலு மூலையில் 6 மீற்றர்க் கம்பம், ஒவ்வொன்றிலும் 200 வற் எல்.ஈ.டி. விளக்கு. மொத்தம் 800 வற். இரவில் இரண்டு மணி நேரம் எரிந்தால் மாதம் 48 அலகு. அது வீட்டுப் பட்டியலின் மேல் படியில் போய் ஏறும் என்பதால் சராசரி விலையால் பெருக்காதீர்கள், உங்கள் பட்டியலின் கடைசி வரியில் உள்ள விலையால் பெருக்குங்கள். நிலத்தடி வயரும் பிறேக்கரும் தகுதியுள்ள மின்னியலாளர் கையால் நடக்கட்டும்.

10. பணத்தைப் பிரித்துக் கொடுத்தல்

முழுவதையும் ஒருவரிடம் கொடுத்தால் தலைவலி குறைவு, விலை கூடுதல். மண், கல், ஓரக்கட்டு வேலையை உள்ளூர் ஆளிடமும், விரித்து ஒட்டுவதைப் புல் விற்பவரின் ஆட்களிடமும் கொடுப்பது எனக்குச் சரியாகப் படுகிறது. ஒட்டுபவர் வந்ததும் அடித்தளத்தைப் பார்த்து "சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகே ரோலை விரிக்க விடுங்கள். பிறகு ஒட்டு விட்டால் "அடி சரியில்லை" என்று ஒருவரும் "ஒட்டு சரியில்லை" என்று மற்றவரும் கைகாட்ட முடியாது. வெளியூர் ஆட்களுக்குத் தங்குமிடம், சாப்பாடு யார் பொறுப்பு என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும். கொம்பெக்டர் நாள் வாடகை, வெட்டிய மண்ணை ஏற்றி அகற்றும் கூலி, கொழும்புக்கு வெளியே வருவதற்கான போக்குவரத்து ஆகிய மூன்றும் விலைப்பட்டியலில் காணாமல் போய்க் கடைசியில் முளைப்பவை. மொத்தத்தில் பத்திலொரு பங்கைக் கையில் தனியாக வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

11. பிறகு பார்க்கவேண்டியது

காலை எட்டுக்கு முன்னும் மாலை நாலரைக்குப் பின்னும்தான் விளையாட்டு. தண்ணீர் தெளித்தால் சூடு இறங்கும், ஆனால் கொஞ்ச நேரத்துக்குத்தான். அதற்காகக் கிணற்றை இறைக்காதீர்கள். வாரம் ஒரு முறை தும்புத்தடியால் எதிர்த்திசையில் தள்ளுங்கள், கோல் வாயில் கூடுதலாக. சருகை அன்றன்றே பொறுக்குங்கள், உக்கினால் துளையை அடைக்கும். ஊதுபத்தி, கற்பூரம், பட்டாசு எதுவும் அதன் மேல் வேண்டாம். தீபாவளியன்று அதை மறந்துவிடுவார்கள். முதல் பெருமழைக்குப் பிறகு ஊறு குழியைத் திறந்து வண்டலை அள்ளி, மணல் குறைந்த இடத்துக்கு இரண்டு மூட்டை தூவுங்கள்.

வெட்டி மிஞ்சிய புல்லை அறைக்குள் சுருட்டி வைக்காதீர்கள். வேலியோரம் வெயில் படும் இடத்தில் விரித்து வையுங்கள். மூன்று வருடத்தில் எங்காவது கிழிந்து ஒட்டுப் போட வேண்டிவந்தால், களத்தோடு சேர்ந்து வெயில் குடித்த துண்டுதான் நிறம் பொருந்தும்.